கடைசிப் பரீட்சை முடிஞ்சா செமஸ்டர் முடிஞ்சுதா? டி.கல்லுப்பட்டியிலிருந்து ஒரு கணக்கு

கடைசிப் பரீட்சையை எழுதிவிட்டுத் திருமங்கலத்தில் ராஜபாளையம் பஸ் ஏறும் மாணவர்கள் பேசிக்கொள்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான்: “அப்பாடா, முடிஞ்சுதுடா!” ஹால் டிக்கெட் பைக்குள் போகும். இயர்போன் காதுக்குள் போகும். டி.கல்லுப்பட்டி வருவதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரத்துக்கு ‘செம்’ என்ற பேச்சையே வீட்டில் யாரும் எடுக்க மாட்டார்கள்.

அந்தத் தூக்கம் நியாயமானது. மூன்று வாரம் விடிய விடிய உட்கார்ந்து படித்த பிள்ளை கொஞ்சம் தூங்கட்டும். ஆனால் முடிந்தது தேர்வு மட்டும்தான். செமஸ்டரின் கணக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. அகமதிப்பெண் எவ்வளவு, ரிசல்ட் எப்போது, மறுமதிப்பீட்டுக்குக் கடைசி நாள் எது, உதவித்தொகை வந்ததா, அடுத்த செமஸ்டரில் என்னென்ன பாடம் என்ற ஐந்து கேள்விக்கும் பதில் தெரியாமலேயே பெரும்பாலான மாணவர்கள் அடுத்த செமஸ்டருக்குள் நுழைகிறார்கள். அரியர் என்று பிறகு தெரியவரும் பல விஷயங்களுக்கு விதை விழுவது இந்த இடைவெளியில்தான்.

வீட்டில் ஏற்கெனவே பட்டம் வாங்கியவர் ஒருவர் இருந்தால் இதையெல்லாம் அவர் கேட்பார். “இன்டர்னல் எவ்வளவு வந்துச்சு?” என்று அப்பாவோ, “அடுத்த செம்முக்கு புக் வாங்கிட்டியா?” என்று அக்காவோ கேட்பார்கள். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கு அப்படிக் கேட்க ஆளில்லை. டி.கல்லுப்பட்டி மாதிரியான ஊர்களில் இந்தச் சின்ன வித்தியாசம் மூன்று வருடத்தில் பெரிய வித்தியாசமாகிவிடுகிறது.

25-ம் 75-ம்: மதிப்பெண் எங்கே கை நழுவுது?

தமிழகத்தின் பெரும்பாலான கலை, அறிவியல் கல்லூரிகளில் ஒரு பாடத்துக்கு 100 மதிப்பெண். அதில் 25 அகமதிப்பீடு, 75 செமஸ்டர் தேர்வு. அகமதிப்பீடு என்பது இடைத்தேர்வுகள், அசைன்மென்ட், செமினார் போன்றவை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எழுத்துப் பாடங்களுக்கு இது 40-க்கு 60.

இந்த 25-ஐ “சும்மா கிடைக்கிற மார்க்” என்று நினைக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பாடத்தில் 60 மதிப்பெண், அதாவது முதல் வகுப்பு வேண்டும். இன்டர்னலில் 20 வாங்கியவர் தேர்வில் 75-க்கு 40 எடுத்தால் போதும். 10 வாங்கியவர் 50 எடுக்க வேண்டும். முதலாமவர் வினாத்தாளில் பாதிக்குச் சற்று மேல் சரியாக எழுதினால் போதும். இரண்டாமவர் மூன்றில் இரண்டு பங்கு சரியாக எழுத வேண்டும். தேர்வு அறையில் ஒரே நாற்காலி, ஒரே வினாத்தாள். ஆனால் இருவரும் தாண்ட வேண்டிய உயரம் வேறு. இன்டர்னலுக்கு 40 மதிப்பெண் இருக்கும் பொறியியல் கல்லூரிகளில் இந்த இடைவெளி இன்னும் பெரிது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தேர்வில் தோற்றால் மறுபடி எழுதலாம். இன்டர்னலைப் பல இடங்களில் மறுபடி வாங்க முடியாது. அரியர் எழுதும்போதும் பழைய அகமதிப்பெண்ணையே தூக்கிக்கொண்டு போக வேண்டியிருக்கும். ஆகவே ‘அடுத்த செம்முல பாத்துக்கலாம்’ என்பதற்கு உண்மையான அர்த்தம், அடுத்த செமஸ்டரின் முதல் இடைத்தேர்விலேயே பார்த்துக்கொள்வது. அந்த முதல் இடைத்தேர்வு, கல்லூரி திறந்து ஐந்தாறு வாரத்தில் வந்து நிற்கும்.

90 நாள், 22 நாள், 225 மணி நேரம்

பல்கலைக்கழக மானியக்குழு சொல்வது வருடத்துக்கு 180 வேலை நாள். ஒரு செமஸ்டருக்கு 90. வருகைப்பதிவு பொதுவாக 75 விழுக்காடு வேண்டும். அப்படியானால் ஒரு மாணவரின் கையிருப்பு 22 நாள். காய்ச்சல், ஊர்ப் பொங்கல், சொந்தத்தில் கல்யாணம், காதுகுத்து, பஸ் வராத நாள், பருத்தி எடுக்க ஆள் கிடைக்காத நாள் எல்லாம் இந்த 22-க்குள் அடங்க வேண்டும். கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பவருக்கு 22 நாள் தாராளம். தினமும் கல்லுப்பட்டியிலிருந்து போய்வருபவருக்கு அது சிக்கனமாகச் செலவழிக்க வேண்டிய பணம் மாதிரி.

மதுரைக்கும் டி.கல்லுப்பட்டிக்கும் இடையே சுமார் 40 கிலோமீட்டர். வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம், பஸ்ஸுக்குக் காத்திருப்பது, நகருக்குள் இன்னொரு பஸ் என எல்லாம் சேர்த்து ஒரு வழிக்கு ஒன்றேகால் மணி என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், நாளுக்கு இரண்டரை மணி. 90 நாளுக்கு 225 மணி நேரம். வாரம் 5 மணி நேர வகுப்பு உள்ள ஒரு பாடத்துக்கு, 18 வாரத்தில் கிடைக்கும் மொத்த வகுப்பு நேரமே 90 மணிதான். அதாவது இரண்டரைப் பாடத்துக்கான நேரத்தைச் சாலை எடுத்துக்கொள்கிறது.

மாணவிகளுக்கு இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 2021 மே மாதம் தொடங்கிய மகளிர் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளுக்கு மட்டும்தான். ராஜபாளையம், தென்காசி என்று போகும் வெளியூர் பஸ்களில் டிக்கெட் எடுக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க டவுன் பஸ்ஸுக்கு நின்றால் நேரம் போகும். நேரத்தை மிச்சம் பிடிக்க வெளியூர் பஸ் ஏறினால் காசு போகும். எந்த நாளில் எதை விடுவது என்று ஒரு செமஸ்டரைப் பார்த்தவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அனுபவத்தை அடுத்த செமஸ்டரின் டைம் டேபிளோடு பொருத்திப் பார்ப்பதுதான் ‘தயாராவது’. முதல் மணி நேரத்தில் எந்தப் பாடம் வருகிறது, லேப் எந்தக் கிழமை, எந்த பஸ்ஸை விட்டால் எந்த வகுப்பு போகும் என்பதை எல்லாம் கல்லூரி திறந்த பிறகு கண்டுபிடித்தால், முதல் மாதத்திலேயே ஐந்தாறு நாள் கையிருப்பு கரைந்துவிடும்.

கணக்காளர் ஒருவர் வாழ்ந்த ஊர்

டி.கல்லுப்பட்டிக்கு வெளியூர்க்காரர்கள் அதிகம் அறியாத ஒரு பெருமை உண்டு. இங்குள்ள காந்தி நிகேதன் ஆசிரமம் 1940-இல் தொடங்கப்பட்டது. காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தது இங்கேதான். 1892-இல் தஞ்சாவூரில் பிறந்த அவர் 1960 ஜனவரி 30 அன்று, காந்தி மறைந்த அதே தேதியில், மறைந்தார்.

குமரப்பாவைக் கிராமப் பொருளாதாரத்துக்காக எல்லோரும் நினைக்கிறார்கள். அவருடைய அடிப்படைத் தொழில் கணக்கு. லண்டனில் கணக்காளர் பயிற்சி பெற்று, பிறகு அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொது நிதி படித்தவர். 1934-இல் பீகாரை நிலநடுக்கம் உலுக்கியபோது நிவாரண நிதியின் வரவு செலவைக் கண்காணிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. காந்தியுடன் வந்த குழுவின் செலவைக்கூட அந்த நிதியிலிருந்து கொடுக்க முடியாது என்று அவர் சொல்லிவிட்டதாக அவரைப் பற்றிய நூல்கள் சொல்கின்றன.

அதற்குச் சில வருடங்கள் முன், 1929 கடைசியில், காந்தி அவரை ஒரு வேலைக்கு அனுப்பினார். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் மாதர் வட்டக் கிராமங்களின் பொருளாதார நிலையை ஆய்வு செய்ய வேண்டும். குமரப்பா கூட்டிக்கொண்டு போனது குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களை. வறுமை வறுமை என்று பொதுவாகப் பேசாமல், ஒரு குடும்பத்துக்கு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, கடன் எவ்வளவு என்று விசாரித்து எழுதினார்கள். அந்த அறிக்கை 1931-இல் வெளிவந்தது.

செமஸ்டர் லீவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? பி.காம். படிக்கும் எந்த மாணவருக்கும் தெரிந்த ஒரு விதிதான்: இந்த வருடத்தின் இறுதி இருப்புதான் அடுத்த வருடத்தின் தொடக்க இருப்பு. நடுவில் காலண்டர் மாறியதால் கடன் காணாமல் போகாது. “நான் ஆவரேஜ் ஸ்டூடன்ட்”, “இங்கிலீஷ் எனக்கு வராது”, “அந்த சார் மார்க் போட மாட்டார்” என்பதெல்லாம் பொதுப்பேச்சு. எந்தப் பாடத்தில், எந்த யூனிட்டில், எத்தனை மதிப்பெண், எத்தனை நாள் ஆப்சென்ட் என்று எழுதிப் பார்ப்பதுதான் கணக்கு. ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்குப் பயம் குறையும். ஏனென்றால் பெரும்பாலும் ஆறு பாடமும் மோசமாக இருக்காது. ஒன்றோ இரண்டோதான் இழுத்துக்கொண்டிருக்கும்.

லீவுல வேலைக்குப் போறது தப்பா?

“லீவில் ஆன்லைன் கோர்ஸ் செய், இன்டர்ன்ஷிப் போ” என்று சமூக ஊடகங்களில் அறிவுரை கொட்டுகிறது. கல்லுப்பட்டி வட்டாரத்தில் லீவு என்பது பல வீடுகளில் சம்பாதிக்கும் காலம். கரிசல் காட்டில் மக்காச்சோளமும் பருத்தியும் கை வேலை கேட்கும் பருவத்தோடு குளிர்கால லீவு ஒட்டி வரும். மே மாதம் முகூர்த்த நாட்களில் கேட்டரிங் ஆட்களோடு பரிமாறப் போவது, மதுரை ஜவுளிக்கடைகளில் தற்காலிக வேலைக்கு நிற்பது, செல்போன் கடையில் உட்காருவது எல்லாம் வழக்கம்தான். அந்தப் பணத்தில்தான் அடுத்த செமஸ்டரின் தேர்வுக் கட்டணமும் செருப்பும் வாங்கப்படுகின்றன.

இதைத் தப்பு என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் மூன்று வாரத்தில் மூன்று வாரத்தையும் வேலைக்குக் கொடுத்துவிடுவது நஷ்டக் கணக்கு. 15 நாள் வேலை, 3 நாள் ஓய்வு, 3 நாள் கல்லூரிக் கணக்கு என்று பிரித்துக்கொண்டால் மூன்றும் நடக்கும். அந்த மூன்று நாளும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. மழை பெய்து வேலை இல்லாத ஒரு பகலும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளும் போதும்.

ஜெர்மனியில் செமஸ்டர் என்றால் ஆறு மாதம். அதில் வகுப்பு நடப்பது ஏறக்குறைய 14, 15 வாரம்தான். மிச்ச வாரங்களுக்கு ‘வகுப்பில்லாக் காலம்’ என்று பெயர். அதுவும் செமஸ்டரின் பகுதிதான். பல மாணவர்கள் கட்டுரை எழுதிக் கொடுப்பதும் பகுதிநேர வேலைக்குப் போவதும் அப்போதுதான். இங்கே அந்த இடைவெளிக்கு ‘லீவு’ என்று மட்டும் பெயர் வைத்துவிட்டதால், அதில் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

மூன்று நாள், ஐந்து வேலை

1. ஒரு பக்கக் கணக்கு. ஒவ்வொரு பாடத்துக்கும் இன்டர்னல் எவ்வளவு, தேர்வு எப்படி எழுதப்பட்டது, எந்த யூனிட் விட்டுப்போனது என்று ஒரே தாளில் எழுதுவது. கடைசித் தேர்வு முடிந்த நான்கைந்து நாளுக்குள் எழுதினால்தான் ஞாபகம் இருக்கும். ரிசல்ட் வரும்போது இந்தத் தாளோடு ஒப்பிட்டால், மறுமதிப்பீட்டுக்குப் போகலாமா வேண்டாமா என்று முடிவெடுப்பது சுலபம். விண்ணப்பிக்கக் கொடுக்கும் அவகாசம் சில நாள்தான். “நல்லாத்தானே எழுதினேன்” என்ற மனக்குறையை மட்டும் நம்பிப் பணம் கட்டுவதைவிட இது மேல்.

2. ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்ப்பது. அடுத்த செமஸ்டரின் பல பாடங்கள் இந்தச் செமஸ்டரின் தலையில்தான் ஏறி நிற்கின்றன. நிதிக் கணக்கியல் தெரியாமல் நிறுமக் கணக்கியல் வராது. சி மொழி தெரியாமல் டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் வராது. நுண்கணிதம் இல்லாமல் வகைக்கெழுச் சமன்பாடு ஓடாது. அப்படிப்பட்ட ஒரே ஒரு பாடத்தை மட்டும் எடுத்து, புத்தகத்தைத் திறக்காமல் தெரிந்ததை எழுதிப் பார்க்கலாம். அமெரிக்க உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல ஆதாரம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடத்துக்குப் பின் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், ஞாபகத்திலிருந்து எழுதிப் பார்த்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். பரீட்சைக்கு முந்தைய இரவு படிப்பு ஏன் பரீட்சையோடு போய்விடுகிறது என்பதற்கும் இதுவே விடை.

3. பணத்தின் பக்கம். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்கு 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024 ஆகஸ்ட் 9 அன்று தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் ரூ.1,000 கிடைக்கிறது. பின்னர் அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் சேர்க்கப்பட்டார்கள். ஐந்து மாதச் செமஸ்டருக்கு இது ரூ.5,000. பணம் நின்றுபோனால் காரணம் பெரும்பாலும் சின்னதாக இருக்கும்: வங்கிக் கணக்கோடு ஆதார் இணையவில்லை, கணக்கு செயல்படாமல் போய்விட்டது, யுமிஸ் தளத்தில் விவரம் தப்பாக இருக்கிறது. பாஸ்புக்கை ஒருமுறை பதிந்து பார்த்து, எந்த மாதம் வரவில்லை என்று குறித்துக்கொண்டு போனால், கல்லூரி அலுவலகத்தில் “அப்புறம் வாம்மா” என்ற பதில் வராது.

மற்ற கல்வி உதவித்தொகைகளுக்குப் பொதுவாக வருமானச் சான்றிதழ் வேண்டும். கல்லுப்பட்டி பேரையூர் வட்டத்தில் வருகிறது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர நாளாகும். கல்லூரி திறந்த பிறகு இதற்கு அலைந்தால் அந்த 22 நாளில் இரண்டு மூன்று போகும். லீவில் முடித்தால் ஒரு நாள்கூடப் போகாது.

4. புத்தகம் கைமாறுவது. அடுத்த செமஸ்டரின் பாடத்திட்டம் பெரும்பாலும் கல்லூரி அல்லது பல்கலைக்கழக இணையதளத்தில் இருக்கும். அதை இறக்கிப் பார்த்து, ஒரு வருடம் மூத்தவரிடம் புத்தகமும் பழைய வினாத்தாளும் கேட்டு வாங்குவது பத்து நிமிட வேலை. சீனியர்கள் லீவுக்கு ஊருக்கு வந்திருப்பதும் இந்த நாட்களில்தான். அதேபோல் முடித்த செமஸ்டரின் நோட்டை ஜூனியருக்குக் கொடுக்கலாம். எடைக்குப் போட்டால் கிடைக்கும் காசு ஒரு டீக்குத்தான் வரும்.

5. ஆன்லைன் கோர்ஸ் ஒன்றே ஒன்று. ஸ்வயம் தளத்தின் என்பிடெல் பாடங்கள் பெரும்பாலும் ஜனவரியிலும் ஜூலையிலும் தொடங்குகின்றன. செமஸ்டரோடு ஒட்டி வரும். சேர்வது இலவசம். தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்க மட்டும் கட்டணம். அங்கும் வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75 என்ற கணக்குதான். பல்கலைக்கழக மானியக்குழுவின் 2021 விதிகளின்படி, ஒரு செமஸ்டரில் 40 விழுக்காடு வரையிலான பாடங்களை ஸ்வயம் வழியாகப் படிக்கக் கல்லூரிகள் அனுமதிக்கலாம். ஆனால் தன் கல்லூரி அதை ஏற்கிறதா, எந்தப் பாடத்துக்கு ஏற்கிறது என்று துறைத்தலைவரிடம் கேட்ட பிறகே சேர வேண்டும். மூன்று கோர்ஸில் பெயர் கொடுத்துவிட்டு இரண்டாவது வாரத்தில் விடுவதைவிட, பஸ்ஸில் கேட்க முடிகிற ஒரே கோர்ஸ் மேல். அந்த 225 மணி நேரத்தில் கொஞ்சமாவது திரும்பக் கிடைக்கும்.

பாரம் முழுவதும் பிள்ளைகள் தலையிலா?

இதையெல்லாம் மாணவரே பார்த்துக்கொள்ள வேண்டும், 18 வயது ஆகிவிட்டதே என்று சொல்பவர்கள் உண்டு. வீட்டில் வழிகாட்ட ஆள் இருப்பவர்களும் பெரும்பாலும் தானாகப் பார்த்துக்கொள்வதில்லை. அவர்களுக்காக யாரோ பார்த்துக்கொள்கிறார்கள். அந்த ‘யாரோ’ இல்லாத இடத்தில் கல்லூரிதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும். அதற்குப் பெரிய திட்டமோ நிதியோ தேவையில்லை.

கடைசி வேலை நாளன்றே அடுத்த செமஸ்டரின் பாடப்பட்டியல், உத்தேச டைம் டேபிள், பாடத்துக்கு ஒரு புத்தகத்தின் பெயர் என இவை துறை வாட்ஸ்ஆப் குழுவில் வந்துவிட வேண்டும். தேர்வுக்கு முன்பே அகமதிப்பெண் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டப்பட வேண்டும். மொத்த எண்ணை மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடும் வழக்கம் போதாது. கல்லூரி திறந்த முதல் வாரத்தில் ஒரு நாள் உதவித்தொகைக்கென ஒரு மேசை போட வேண்டும். மிக முக்கியமாக, மறுமதிப்பீட்டின் கடைசித் தேதி மாணவர்கள் ஊரில் இருக்கும் நாளில் வந்து போய்விடக் கூடாது.

ஆசிரியர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. தேர்வு முடிந்ததும் அவர்கள் விடைத்தாள் திருத்தும் முகாம்களில் இருக்கிறார்கள். அரசுக் கல்லூரிகளில் வகுப்பெடுக்கும் கௌரவ விரிவுரையாளர்களுக்கு வருடத்தில் 11 மாதத்துக்குத்தான் ஊதியம். மே மாதம் கிடையாது. சம்பளமில்லாத மாதத்தில் அடுத்த செமஸ்டரின் பாடத்தைத் திட்டமிடு என்று அவர்களிடம் எப்படிச் சொல்வது? இரண்டு செமஸ்டருக்கு நடுவில் உள்ள வாரங்கள் ‘ஒன்றும் நடக்காத காலம்’ என்று அரசே எடுத்துக்கொள்வதன் விளைவுதான் இது. மாணவர் அந்தக் காலத்தை வீணாக்குகிறார் என்று குற்றம் சொல்வதற்கு முன், அமைப்பே அதைக் கணக்கில் வைக்கவில்லை என்பதைப் பார்க்க வேண்டும்.

சென்னையில் இருக்கும் அக்காவுக்கு ஒரு வேலை

அமைப்பு மாறும்வரை அடுத்த பரீட்சை காத்திருக்காது. அதற்குள் இந்த இடைவெளியை நிரப்பக்கூடிய ஓர் ஆள் பல வீடுகளில் இப்போது இருக்கிறார். கல்லுப்பட்டியிலிருந்தோ பக்கத்து ஊர்களிலிருந்தோ கல்லூரிக்குப் போய், இன்று சென்னையிலோ கோவையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் அக்கா, அண்ணன், சித்தப்பா மகன், எதிர்வீட்டுப் பெண். அரியர் எப்படி வந்தது, எந்தக் கட்டணத்தை எந்தத் தேதியில் தவறவிட்டார், எந்தச் சான்றிதழுக்கு எத்தனை முறை அலைந்தார் என்பதெல்லாம் அவருக்கு நேரடியாகத் தெரியும். ஊருக்குப் பணம் அனுப்பும்போது இந்த அனுபவத்தையும் சேர்த்து அனுப்ப அவருக்குத் தோன்றுவதில்லை.

போன் செய்தால் கேட்பது, “எக்ஸாம் எப்படிப்பா எழுதின?” “நல்லா எழுதிருக்கேன்ணே.” அத்தோடு பேச்சு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக ஐந்து கேள்வி கேட்கலாம். எந்தப் பாடத்தில் இன்டர்னல் குறைவு? எத்தனை நாள் லீவு போட்ட? உதவித்தொகை கடைசியா எந்த மாசம் வந்துச்சு? அடுத்த செம்முல எந்தப் பாடம் பயமா இருக்கு? அதுக்குப் புக் யார்கிட்ட இருக்கு?

இது விசாரணை மாதிரி ஆகிவிடக் கூடாது. “எனக்கு ரெண்டாவது செம்முல ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போச்சு, அதை யாருக்கும் சொல்லாம ஒரு வருஷம் வச்சிருந்தேன்” என்று பெரியவர் தன் கணக்கை முதலில் திறந்து காட்டினால், தம்பியும் தன் கணக்கைத் திறப்பான். கல்லூரியை விட்டு நிற்கும் பிள்ளைகளில் பலர் ஒரே நாளில் நிற்பதில்லை. ஓர் அரியர், அதைச் சொல்லக் கூச்சம், அதனால் வகுப்புக்குப் போகப் பயம், அதனால் வருகைக் குறைவு, அதனால் கட்டணம் என்று படிப்படியாகத்தான் நிற்கிறார்கள். முதல் படியிலேயே யாராவது கேட்டிருந்தால் கதை மாறியிருக்கும்.

அந்த அழைப்புக்கு ஒரு மணி நேரம் போதும். ரிசல்ட் வந்து வீடே வாட்டத்தில் இருக்கும் நாள் அதற்கு உகந்ததில்லை. கடைசிப் பரீட்சை முடிந்து, தூங்கி எழுந்து, அம்மா கையால் சாப்பிட்டு முடித்திருக்கும் முதல் ஞாயிற்றுக்கிழமை சரியாக இருக்கும்.